பூர்வீகம் தேடுகிறவர்கள் வழி தவறும் இடங்கள்

பூர்வீகம் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பெயரில் தொடங்குகிறார்கள். அதை இணையத்தில் அடித்துப் பார்ப்பார்கள். சம்பந்தமே இல்லாத நாலு முத்துசாமிகள் வருவார்கள். ஆர்வம் அன்றைக்கே பாதி அடங்கிவிடும். குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நாடுகளுக்கென்று எழுதிய வழிகாட்டிகளை நம்பி இறங்குவதால் வரும் வினை இது. நம் வீடுகளில் அப்பா பெயர் ஒரு தலைமுறைக்கு முதலெழுத்தாக நிற்கும், பிறகு அதுவும் போய்விடும். போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. கந்தசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் கந்தசாமி, அவர் மகன் மறுபடி முத்துசாமி. நிலம் வாங்கியவர் எந்த முத்துசாமி, விற்றவர் எந்த முத்துசாமி? இரண்டு பேரை ஒருவராக்கி, இடையில் இருந்தவர்களைத் தொலைத்த வம்சாவளிகள் நிறைய உண்டு.

தமிழ்நாட்டில் பெயரைவிட நம்பகமாகத் தொடர்ந்து வருபவை ஊர், நிலம், குலதெய்வம். இந்த மூன்றையும் விட்டுவிட்டுத் தேடுவதுதான் பெரிய தவறு என்பேன். மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்த்துவிடலாம் என்பார்கள். 1871 முதல் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் நூலகத்தில் கிடைப்பவை தொகைகளும் அட்டவணைகளும்தான். வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய தாள்கள் பொதுப் பார்வைக்கு இல்லை. அந்தப் பக்கம் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பெரியவர்களிடம் கேட்பதிலும் ஒரு தவறு உண்டு. “நம்ம வம்சம் எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டால் கதைதான் வரும். ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்தோம் என்ற கதையைப் பல சமூகத்தாரும் சொல்கிறார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், வம்சாவளியில் ஏற்றாதீர்கள். கேட்கவேண்டிய கேள்விகள் சின்னவை. யார் வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு? கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி யார் யார் கொடுப்பார்கள்? பாட்டியின் பிறந்த வீடு எந்த ஊர்? முதல் இரண்டுக்கும் வரும் பதிலில் பங்காளிகள் பட்டியல் மொத்தமும் வந்துவிடும். கோயிலில் பழைய வரி நோட்டு இருந்தால் இன்னும் நல்லது. நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் போனால், எங்கெங்கோ சிதறிய பங்காளிகளை ஒரே நாளில் பார்க்கலாம். நகரத்தாருக்கு இந்தத் தொல்லையே குறைவு. ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயில் எது என்பது தெரியும், திருமணமான ஒவ்வொரு தம்பதியும் அங்கே ஒரு புள்ளியாகப் பதிவாகிவிடுவார்கள்.

ஊர் தெரிந்துவிட்டது, சரி. அந்த ஊர் அப்போது யார் ஆட்சியில் இருந்தது என்று பார்க்காமல் இன்றைய மாவட்டத் தலைநகருக்கு ஓடுவது அடுத்த தவறு. தென்காசி மாவட்டம் 2019இல் பிறந்தது; அதன் பழைய தாள்களைத் திருநெல்வேலிப் பெயரில் தேடவேண்டும். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய திருவிதாங்கூர் ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும், திருவனந்தபுரம் வரை போகவேண்டி வரலாம். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். தஞ்சை மராட்டியர் காலத்துக் காகிதங்கள் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில், தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் உண்டு. 1881 அரசாணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டார்கள். அங்கே மட்டும் பெயரைப் பிடித்துத் தேடினால் பலன் உண்டு.

பத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பலர் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டாவில் இருப்பது உரிமையாளர் பெயரும் தகப்பன் பெயரும்தான். குடும்ப வரலாற்றுக்குத் தங்கச் சுரங்கம் பாகப் பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், செத்துப்போனவரின் மைனர் பிள்ளைகளும், அவர்களுக்குக் கார்டியனாகத் தாயாரும் அதில் வருவார்கள். மற்றத் தாள்களில் மறைந்துபோகும் பெண்கள் இங்கே “இன்னார் பார்யாள்” (மனைவி) என்றாவது இருப்பார்கள். செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை விவரத்தையும் சாட்சிக் கையெழுத்தையும் தாண்டிப் போய்விடாதீர்கள். நான்கெல்லையில் இருக்கும் நிலங்கள் பல நேரம் பங்காளிகளுடையவை. சாட்சி போட்டவர் மாமனோ மச்சானோவாக இருக்கலாம்.

ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் போட்டுப் பார்த்து, 1975க்கு முன்னால் எதுவும் இல்லை என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. கணினியில் ஏற்றியது பெரும்பாலும் அங்கிருந்துதான். முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடவேண்டும். பெயர்வாரியாக ஒரு அட்டவணை, சொத்துவாரியாக ஒரு அட்டவணை என இரண்டு அங்கே உண்டு. சொத்துவாரி அட்டவணைதான் நமக்கு உதவும். ஆனால் மறு நிலஅளவையில் சர்வே எண்கள் மாறியிருக்கும். புதிய எண்ணுக்குப் பழைய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்தப் பத்திரங்கள் எதுவும் வாய் திறக்காது. அதனால் வரலாறு இல்லை என்று ஆகிவிடுமா? மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, 1892க்குப் பின் தாழ்த்தப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் கணக்கு, கப்பலேறியவர்களின் சீட்டுகள் என்று வேறு கதவுகள் உண்டு.

கப்பலேறியவர்கள் விஷயத்தில் ஒரு குழப்பம் தீராமல் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ், பிஜி போனவர்களுக்குத்தான் ஆளுக்கொரு பதிவு உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் தொடங்கி வந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இத்தகைய பதிவுகளில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பதைக் காணலாம். எழுதியவர் காதில் விழுந்தபடி ஊர் பெயரை எழுதினார் என்பதால் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி என்ற ஆள்சேர்ப்பவர் மூலம் போனவர்களுக்கு இப்படியொரு சீட்டைத் தேடி அலைவது வீண். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் (சிறிமா-சாஸ்திரி) பிறகு திரும்பி வந்த குடும்பமென்றால், இந்தியக் கடவுச்சீட்டையும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையையும் முதலில் எடுத்துப் பாருங்கள்.

தேதிகளில் எல்லோரும் சறுக்குகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிய காலம் அது. பத்திரத்தில் வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு இருந்தால் 590 கூட்டவேண்டும். பசலி 1310 என்பது 1900 ஜூலையில் தொடங்குகிறது. தென்கோடியில் மலையாளிகளின் கொல்லம் ஆண்டு. “தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்” என்று குமரிப் பெரியவர்கள் சொன்னால் அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. ஜாதகத்தில் வெறும் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் சிக்கல் பெரிது. தாது வருஷம் 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. குரு, சனி இரண்டும் அறுபது ஆண்டில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பதால் அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. ராகுவைப் பாருங்கள். அது பதினெட்டரை ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றுவதால் இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும்.

அருங்காட்சியகத்துக்கும் பழங்கோயிலுக்கும் போகிறவர்கள் அங்கே தங்கள் முன்னோரைக் கண்டுபிடிக்கவேண்டும் என்ற முடிவோடு போகிறார்கள். கல்வெட்டில் தங்கள் பட்டப்பெயர் தென்பட்டால் போதும், சோழர் காலத்து வம்சம் ஆகிவிடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிர், 400 பேரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்த வீடு என்பது வரை இருக்கிறது. அத்தனை விவரம் இருந்தும், அவர்களில் ஒருவரை இன்றைய ஒரு குடும்பத்தோடு இணைக்க முடியாது. இடையில் உள்ள ஆயிரம் ஆண்டுக்குச் சங்கிலி இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்டார். தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்திய காலத்துச் சரக்கு அது. இன்றும் பல குடும்ப மலர்களில் அதிலிருந்து எடுத்த பத்திகளே “எங்கள் வரலாறு” என்று அச்சாகின்றன. ஒரு சாதியைப் பற்றி வெளியாள் எழுதியது உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய சான்று ஆகாது.

அந்த இடங்களுக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. தரங்கம்பாடி டேனியர் கையில் 1620 முதல் 1845 வரை இருந்தது. அந்தப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தார் கோட்டை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போகும்போதுதான் எந்தப் பதிவேட்டைக் கேட்கவேண்டும் என்பதே புரியும். அந்த மிஷன் காகிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் இருக்கின்றன. கல்லறைக் கல்லையோ நடுகல்லையோ படிக்க எண்ணெய், சுண்ணாம்பு, விபூதி எதையும் பூசாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தாலே எழுத்து எழும்பி நிற்கும்.

கிடைத்ததையெல்லாம் வாட்ஸாப் குழுவில் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய பத்திரம், சர்வே எண், வாரிசுகள் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால், போலிப் பத்திரம் தயாரிக்கிறவனுக்கு வேறு எதுவும் வேண்டாம். பெயர்களையும் கதைகளையும் பகிருங்கள். பத்திர நகல் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.