கப்பல் கேபின்ல துணி துவைக்கறது எப்படி: துவைக்கறது ஈஸி, காயவைக்கறதுதான் வேலை

கப்பல்ல போகப்போறேன்னு சொல்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது ரெண்டே விஷயம்தான், சாப்பாடு ஒத்துக்குமா, தலை சுத்துமா. துணிய பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல. சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போயிட்டு வர்ற 4, 5 ராத்திரி ட்ரிப்புக்கு அது தேவையும் இல்ல, எடுத்துட்டு போன துணியே போதும். ஆனா நாங்க போனது பார்சிலோனாவுல ஏறி மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகம் சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ்னு சுத்திட்டு திரும்ப பார்சிலோனா வர்ற 7 ராத்திரி ட்ரிப், அதுக்கு முன்னாடி பின்னாடி ஊர்ல தங்கினதையும் சேத்தா 11 நாள், அதுவும் ஜூலை வெயில்ல. காலைல போட்ட சட்டை சாயங்காலம் கப்பலுக்கு திரும்பும்போது முதுகுல உப்புக்கோடு போட்டிருக்கும். நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கற பழைய ரோமானிய ஊர் பாம்பேய்ல ஒரு நாள் நடந்தா பேண்ட் ஓரம் முட்டி வரைக்கும் புழுதி. நாலு பேருக்கு 11 நாள் துணி எடுத்துட்டு போறதெல்லாம் முடியாத காரியம், அதனால கேபின்லயே துவைக்க கத்துக்கிட்டேன்.

கப்பல்லயே லாண்டரி இருக்குமேன்னு கேப்பீங்க. இருக்கு. ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியா டாலர்ல ரேட், அதனால பனியன் ஜட்டிய எல்லாம் அதுல போட மனசு வராது. ட்ரிப் பாதி ஆனதும் சில கப்பல்ல ஒரு பை குடுத்து இதுல எவ்வளவு அடங்குதோ போடுங்க, மொத்தமா ஒரே ரேட்டுன்னு சொல்வாங்க, அது வந்தா விடாதீங்க, ஜீன்ஸ், கனமான டி-ஷர்ட் எல்லாத்தையும் அதுக்குள்ள திணிச்சிடுங்க. கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி மாதிரி சில கம்பெனி கப்பல்கள்ல நாமளே போட்டு எடுக்கற வாஷிங் மெஷின் ரூம் இருக்கும், ராயல் கரீபியன்ல அது கிடையாது. புக் பண்றதுக்கு முன்னாடியே இத பாத்து வெச்சுக்கிட்டா பெட்டில எத்தனை செட் வைக்கறதுன்னு முடிவு பண்ணிடலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நான் முதல் ராத்திரி பண்ண தப்பு என்னன்னா வீட்ல துவைக்கற மாதிரியே துவைச்சேன். நாலு பேர் துணியையும் சேத்து வெச்சு, ஒரு ஜீன்ஸ் உட்பட, ஒரு மணி நேரம் கசக்கி அலசி, கையால முறுக்கி பிழிஞ்சு, பாத்ரூம் முழுக்க தொங்க விட்டேன். காலைல தொட்டு பாத்தா ஜீன்ஸ்ல தண்ணி சொட்டுது, பையனோட டி-ஷர்ட் ஈரம், அக்குள் பக்கம் முடை நாத்தம் வேற. ஏழு மணிக்கு இறங்கணும். அன்னிக்கு புரிஞ்சுது, நம்ம ஊர் மொட்டை மாடி வெயிலும் காத்தும் பண்ற வேலைய இங்க நாமளே கையால பண்ணியாகணும், துணில இருக்கற தண்ணிய கொடில போடறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், மீதி எல்லாம் தானா நடக்கும்.

அதனால துவைக்க ஆரம்பிக்கறது வீட்ல பெட்டி கட்டும்போதே. பாலியெஸ்டர், நைலான் கலந்த துணி, ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட், மெல்லிசான காட்டன் குர்த்தி, இதெல்லாம் ராத்திரில காஞ்சிடும். தடி காட்டன், ஜீன்ஸ், தடியான சாக்ஸ் காயாது, சாக்ஸ் சின்னதா இருக்கேன்னு ஏமாறாதீங்க, எல்லாத்துக்கும் கடைசியா காயறது அதுதான். சாயம் போற துணி இருந்தா ஊர்லயே ரெண்டு தடவை துவைச்சு எடுத்துட்டு வாங்க. எங்க அத்தை ஒரு புது சுங்குடிப் புடவை கொண்டு வந்திருந்தாங்க, அத கேபின்ல தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணி அப்படியே காத்தாட போட்டு மடிச்சு வெச்சோம். பட்டுப்புடவையும் அப்படித்தான்.

கூட எடுத்துட்டு போக வேண்டியது கொஞ்சம்தான். பாதி கட்டி துணி சோப்பு ஒரு டப்பால, இல்ல லிக்விட் சாஷே நாலஞ்சு. தட்டையா ஒரு ரப்பர் மூடி, ஏன்னா வாஷ் பேசின் அடைப்பு நிறைய கேபின்ல சரியா மூடாது, பத்து நிமிஷத்துல ஊறவெச்ச தண்ணி எல்லாம் இறங்கிடும். பின்னின ரப்பர் கொடி ஒண்ணு, பின்னலுக்கு நடுவுல துணிய சொருகிக்கலாம், கிளிப்பே வேண்டாம். காந்தக் கொக்கி நாலு, கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், டக்குனு ஒட்டிக்கும். அயர்ன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், ஸ்டீமரும் அப்படித்தான், நெருப்பு பயத்துல பெரும்பாலான கப்பல்ல அனுமதி இல்ல, ஏறும்போது ஸ்கேன்ல பாத்து எடுத்து வெச்சுக்கிட்டு இறங்கும்போதுதான் தருவாங்க.

துவைக்கற முறை. முதல்ல வாஷ் பேசின நல்லா கழுவுங்க, பல் தேய்ச்ச பேஸ்ட், மேக்கப் எல்லாம் அதுலதான் இருக்கும். பாதிக்கு மேல தண்ணி நிரப்பாதீங்க, கடல் கொஞ்சம் ஆடினாலும் விளிம்பு தாண்டி தரைக்கு வந்துடும். குழாய சூடு பக்கம் திருப்பும்போது கைய தள்ளி வெச்சுக்கோங்க, சில கப்பல்ல ரொம்ப கொதிப்பா வரும், வெதுவெதுப்பு போதும்.

சோப்பு விஷயத்துல நம்ம ஊர்க்காரங்க எல்லாருமே தப்பு பண்ணுவோம். நமக்கு போர் தண்ணில துவைச்சு பழக்கம், உப்புத் தண்ணி, எவ்வளவு பவுடர் போட்டாலும் நுரை வராது, அதனால கை தாராளமா போடும். கப்பல் தண்ணி அப்படி இல்ல. பெரும்பாலும் கடல் தண்ணிய எஞ்சின் சூட்டுல ஆவியாக்கியோ, இல்ல நம்ம வீட்டு ஆர்ஓ மாதிரியே பெரிய அளவுல வடிகட்டியோ எடுக்கறாங்க, கால்சியம் மக்னீசியம் ரொம்ப கம்மி, கைல எடுத்தாலே வழுவழுன்னு இருக்கும். அதுல ஒரு மூடி லிக்விட் ஊத்தினா நுரை பொங்கி வழியும், அப்பறம் ஆறு தடவை அலசினாலும் போகாது, அலசாம விட்டா காஞ்சதுக்கு அப்பறம் துணி வெறப்பா நிக்கும், வேர்த்தா அரிக்கும். ஒரு பேசினுக்கு அரை டீஸ்பூன் லிக்விட், அவ்வளவுதான். நான் கட்டி சோப்புதான் வெச்சுக்கறேன், காலர், அக்குள், கால் ஓரம் இந்த இடத்துல மட்டும் தேய்ச்சுட்டு மத்தத சும்மா தண்ணில கசக்கினா போதும்.

பத்து நிமிஷம் ஊறட்டும், அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடலாம். அப்பறம் கசக்கி, தண்ணிய விட்டு, ரெண்டு தடவை புதுத்தண்ணில அலசுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு மூணு துணிக்கு மேல வேண்டாம், தினமும் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா பண்றதுதான் சரி, சேத்து வெச்சா இடமும் பத்தாது காயவும் காயாது. நீச்சல் குளம், பீச் போயிட்டு வந்த துணிய மட்டும் ராத்திரி வரைக்கும் வைக்காம வந்த உடனே நல்ல தண்ணில அலசிடுங்க. கடல் உப்பு துணில தங்கிட்டா அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், எத்தனை மணி நேரம் போட்டாலும் பிசுபிசுன்னுதான் இருக்கும்.

மஞ்சள் கறை பத்தி ஒண்ணு சொல்லணும். பஃபேல இந்தியன் கவுண்டர்ல பருப்பு வாங்கி வெள்ளை சட்டைல சிந்திட்டு வருவாங்க, அதுல சோப்பு போட்ட உடனே கறை ரத்தச் சிவப்பா மாறிடும், எங்க வீட்டுக்காரர் பயந்தே போயிட்டார். ஒண்ணும் ஆகல, மஞ்சள்ல காரம் பட்டா அப்படித்தான் சிவக்கும், நம்ம குங்குமமே மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்து பண்றதுதானே. நல்லா அலசினா திரும்ப மஞ்சளாயிடும். மீதி இருக்கறத கேபின்ல போட்டு தேய்ச்சு துணிய பாழாக்காதீங்க, ஊருக்கு வந்து ரெண்டு நாள் நேர் வெயில்ல காயப்போட்டா வெளுத்துடும். ரத்தக் கறைன்னா பச்சைத் தண்ணி மட்டும், சுடுதண்ணி பட்டா அப்படியே பிடிச்சுக்கும்.

இனிமேதான் நான் முன்னாடி சொன்ன, கொடில போடறதுக்கு முன்னாடியே தண்ணிய எடுக்கற வேலை. துணிய முறுக்காம ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு அழுத்தி தண்ணிய எடுங்க. அப்பறம் குளிக்கற பெரிய துண்டு, உலர்ந்தது, பாத்ரூம் வாசல்ல தரையில விரிங்க. சட்டைய அதுமேல சுருக்கம் இல்லாம படுக்க வெச்சு, பாய் சுருட்டற மாதிரி துண்டோட சேத்து இறுக்கமா சுருட்டுங்க. இப்ப அதுமேல ஏறி நின்னு குதிகால்ல ஆரம்பிச்சு இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் மெதுவா மிதிச்சுட்டே போங்க. ரெண்டாவது அடிலயே உள்ளங்காலுக்கு ஜில்லுனு தெரியும், துண்டு நிறம் மாறி ஈரம் வெளிய வர்றத பாக்கலாம். திருப்பி போட்டு இன்னொரு தடவை. பிரிச்சு எடுத்தா சட்டை சொட்டாது, தொட்டா ஈரம் தெரியும் அவ்வளவுதான், வாஷிங் மெஷின் ஸ்பின்லேர்ந்து எடுத்த மாதிரியே இருக்கும். முன்னாடி காலைல சொட்டிட்டு இருந்த அதே டி-ஷர்ட் இப்படி பண்ணி போட்டா விடியறதுக்குள்ள காஞ்சிடுது. ஒரு துண்டுக்கு ரெண்டு துணி, அதுக்கு மேல துண்டே நனைஞ்சிடும். துண்டு பத்தலன்னா கேபின் சுத்தம் பண்றவர்கிட்ட கேட்டா எக்ஸ்ட்ரா தருவார், ஹேங்கரும் தருவார், மரியாதையா கேளுங்க, அவர் ஒரு நாளைக்கு நிறைய ரூம் பாக்கறவர், அதனால அவர் வர்ற நேரத்துல பாத்ரூம் முழுக்க துணி தொங்காம பாத்துக்கோங்க.

எங்க காயப்போடறது? ஷவர் சுவர்ல ஒரு சின்ன வட்டமா ஸ்டீல்ல ஒண்ணு இருக்கும், நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, நடுவுல பிடிச்சு இழுத்தா கொடி வரும், எதிர் சுவர்ல மாட்டிக்கலாம். உள்ளாடை, மெல்லிசா நாலஞ்சு துணி தாங்கும். ஆனா சட்டை பேண்ட் எல்லாம் பாத்ரூம்ல போடறதவிட ரூமுக்குள்ள ஏசி காத்து படற இடத்துல ஹேங்கர்ல மாட்டினா சீக்கிரம் காயும், ஏசி காத்துல ஈரம் கம்மி. மாட்டறதுக்கு முன்னாடி நாலு தடவை ஓங்கி உதறி, காலர், கை மடிப்பு, பட்டன் பட்டி எல்லாம் விரலால நீவி விட்டா அயர்ன் இல்லாத குறை பெருசா தெரியாது. துணிக்கு நடுவுல ஒரு கை அளவு இடைவெளி விடுங்க. பாத்ரூம் கதவ கொஞ்சம் திறந்து வைங்க, அங்க காத்த இழுக்கற ஃபேன் எப்பவும் ஓடிட்டே இருக்கும்.

பால்கனில மட்டும் போடாதீங்க. வெயில் இருக்கே காத்து இருக்கேன்னு கை பரபரக்கும், எனக்கும்தான். கப்பல் ஓடும்போது வர்ற காத்துல கிளிப்போட சேத்து துணி கடலுக்கு போயிடும். அதவிட பெரிய காரணம் நெருப்பு. 2006 மார்ச்ல ஸ்டார் பிரின்சஸ் கப்பல் ஜமைக்காவுக்கு போயிட்டிருக்கும்போது ஒரு பால்கனில தீ பிடிச்சு நூறுக்கும் மேல கேபின் சேதமாச்சு, ஒருத்தர் இறந்தே போனார். யாரோ அணைக்காம போட்ட சிகரெட் துண்டு பால்கனில இருந்த எரியற பொருள்ல பட்டதுதான் காரணமா இருக்கும்னு விசாரணைல சொன்னாங்க. உங்க துணி மேல மேல் மாடிலேர்ந்து என்ன விழும்னு உங்களுக்கு தெரியாது. அதே மாதிரி தீ பிடிச்சா தண்ணி தெளிக்கறதுக்காக கூரைல இருக்கற ஸ்பிரிங்ளர் கொக்கி மாதிரி தெரிஞ்சாலும் அதுல ஹேங்கர் மாட்டவே கூடாது, அது உடைஞ்சா ரூம் முழுக்க தண்ணி கொட்டும். விளக்கு மேல துணி போடறது, ஹேர் ட்ரையர ஆன் பண்ணி துணிக்குள்ள விட்டுட்டு போறது, இதுவும் வேண்டாம். அவசரத்துக்கு காலர், இடுப்புப் பட்டி மட்டும் ஈரமா இருந்தா ட்ரையர கைல பிடிச்சு ஒரு நிமிஷம் காட்டலாம்.

அத்தையோட பூனம் புடவைதான் பெரிய கேள்வியா இருந்துது, அஞ்சரை மீட்டர எங்க போடறது. ஊர்ல பண்ற மாதிரியே பண்ணோம், அலசினதும் அவங்க ஒரு முனை நான் ஒரு முனை பிடிச்சு, கட்டில் ஓரத்துலேர்ந்து வாசல் வரைக்கும் நீட்டி, நடுவுல துண்டு வெச்சு வெச்சு ஒத்தி எடுத்தோம். அப்பறம் நீளவாக்குல ரெண்டா மடிச்சு, ரூம் குறுக்க காந்தக் கொக்கில கட்டின கொடில அடுக்கு அடுக்கா கொசுவம் மாதிரி போட்டோம், ராத்திரி ஒரு தடவை எழுந்தப்ப உள் மடிப்ப வெளிய திருப்பி விட்டேன். காலைல நேப்பிள்ஸ்ல அதே புடவை கட்டிக்கிட்டுதான் இறங்கினாங்க.

கடைசி ரெண்டு ராத்திரி துவைக்காதீங்க. இறங்கறதுக்கு முந்தின ராத்திரியே பெரிய பெட்டிய பூட்டி கேபின் வாசல்ல வெச்சிடணும், அதுக்குள்ள ஈரத்துணி போச்சுன்னா அடுத்த நாள் திறக்கற வரைக்கும் உள்ளயே கிடந்து மத்த துணிக்கும் நாத்தம் ஏறிடும். தவிர்க்க முடியலன்னா அந்த ஒண்ண மட்டும் ஜிப் கவர்ல போட்டு கைப்பைல வெச்சுக்கோங்க, ஹோட்டல் ரூமுக்குள்ள போன உடனே முதல் வேலையா எடுத்து உதறி ஹேங்கர்ல மாட்டுங்க.