தோள்சீலை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பெண்கள் வரலாறு எழுத உட்கார்ந்தால் முதலில் எடுப்பது, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைத்தான். நல்ல தேர்வு. ஆனால் எழுதியதைப் படித்தால் ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ வருகிறார், லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மீட் வருகிறார், திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் வருகிறார். சீலை கிழிபட்ட பெண்ணைக் காணோம். நமக்குக் கிடைக்கும் சான்றுகளைப் பெரும்பாலும் எழுதியவர்கள் சமஸ்தான அதிகாரிகளும் லண்டன் மிஷன் ஆட்களும். அந்தத் தாள்களைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் சந்தையில் அடி விழும் என்று தெரிந்தும் குப்பாயம் (மேல்சட்டை) போட்டுப் போனாளே, அது யாருடைய துணிச்சல் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

‘1859-ல் உரிமை கிடைத்தது’ என்று முடிப்பது அடுத்த தவறு. 1829-ல் மேலாடை கூடாது என்று விளம்பரம் போட்ட அரசு, 1859 ஜூலை 26-ல் மார்பை மறைக்க அனுமதித்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது என்றது. இந்த நிபந்தனையை விட்டுவிட்டால் போராட்டம் வெறும் மானப் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். உடையில் சாதியைக் காட்ட மறுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

முலைவரியை எதிர்த்துத் தன் மார்பை அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் சேர்த்தலை நங்கேலி கதையை வாய்மொழி மரபு என்று சொல்லியே எழுதுங்கள்.

உமையம்மை ராணி, கௌரி பார்வதி பாய் என்று ராணிகளோடு நிற்பது பழைய பழக்கம். 1974-ல் இந்தியப் பெண்களின் நிலை பற்றிய குழுவின் அறிக்கை வந்தபின் கூலி, படிப்பு, சொத்து பற்றிய கேள்விகள் ஆய்வில் அழுத்தம் பெற்றன. 1988-ல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக்காப்பகம் பெண்களின் குரலையே சான்றாகச் சேர்த்து வைத்தது.

நீங்களும் வீட்டுப் பாட்டியிடம் உட்காரலாம். ‘என்ன வேலை பார்த்தீங்க?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சும்மாதான் இருந்தேன் மக்களே’ என்பார். ஆண்கள் பனையேறி இறக்கியதைக் கருப்பட்டியாகக் காய்ச்சியது அவர் கைதான். விறகுக்கு எங்கே போனீர்கள், நீங்கள் அடுப்படியில் நின்றபோது பிள்ளையை யார் பார்த்தார்கள், கருப்பட்டி விற்ற காசு யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். அவர் ‘அக்கானி’ என்றால் ‘பதநீர்’ என்று திருத்த வேண்டாம். மலையாளம் கலந்தாலும் அப்படியே எழுதுங்கள். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த இந்த ஊர்கள் 1956 நவம்பர் 1-ல்தான் இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன.