எப்போதாவது ஓட்டும் காருக்கு குறுகிய கால இன்சூரன்ஸும் சாலை வரியும்: பிரிட்டனில் எடுக்கும் முறை

ஆண்டில் சில நாட்கள் மட்டுமே வெளியே எடுக்கும் காருக்கு முழு ஆண்டு இன்சூரன்ஸும் வரியும் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கார் நிற்கும் இடம் வீட்டு டிரைவ்வே, கராஜ் அல்லது வேறு தனியார் நிலமாக இருக்க வேண்டும். தெருவோரம் நிறுத்துபவர்களுக்கு இந்த வழி கிடையாது. பொதுச் சாலையில் அசையாமல் நின்றாலும் வரியும் இன்சூரன்ஸும் தேவை.

இதற்கெல்லாம் அடிப்படை சோர்ன். காரைச் சாலையில் விடுவதில்லை என்று அரசின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தரும் அறிவிப்பு அது. கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டாம். மறுபடி வரி கட்டியதும் தானாக நீங்கிவிடும்.

பெரும்பாலான சிக்கல்கள் வரிசை மாறுவதால்தான் வருகின்றன. முதலில் எம்ஓடி எனப்படும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை, பிறகு பயணத்துக்கான இன்சூரன்ஸ், அதன்பின் வரி. ஓட்டி முடித்து கார் வீடு வந்ததும், இன்சூரன்ஸ் முடியும் முன்பே சோர்ன்.

எம்ஓடி காலாவதியாகியிருந்தால் வரி கட்ட முடியாது. சோர்னில் இருக்கும் காரை முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்கு ஓட்டிப் போய்வர அனுமதி உண்டு. வேறு எதற்காகச் சாலையில் எடுத்தாலும் 2,500 பவுண்டு வரை அபராதம் வரலாம். முன்பதிவை உறுதிசெய்யும் மின்னஞ்சலைக் கைபேசியில் வைத்திருங்கள். சோதனைக்குப் போகவும் இன்சூரன்ஸ் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில குறுகிய கால பாலிசிகள் எம்ஓடி இல்லாத காரை ஏற்பதில்லை, அதனால் வாங்கும் முன் அந்த விதியைத் தேடிப் படியுங்கள்.

குறுகிய கால இன்சூரன்ஸ் பொதுவாக 1 மணி நேரம் முதல் 28 நாட்கள் வரை கிடைக்கும். நம்பர் பிளேட் எண்ணைத் தட்டும்போது நிதானம் வேண்டும். ஓ என்ற எழுத்தும் பூச்சியமும் இடம் மாறினால் இன்சூரன்ஸ் யாரோ ஒருவருடைய காருக்குப் போய்விடலாம். திரையில் வரும் தயாரிப்பும் மாடலும் உங்கள் காருடையதுதானா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பாலிசி நிமிடக் கணக்கில் முடியும். மாலை 6 மணிக்கு முடிகிற பாலிசியோடு 5.30க்கு லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால் 6.01க்கு நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநர். தண்டனை 300 பவுண்டும் லைசென்ஸில் 6 புள்ளிகளும். சில பவுண்டு கூடினாலும் தேவைக்கு மேல் ஒரு நாள் சேர்த்தே எடுங்கள். புதிய பாலிசி, போலீஸ் பார்க்கும் மத்திய இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் ஏறத் தாமதமாகலாம். போலீஸ் நிறுத்தினால் காட்டச் சான்றிதழின் பிரதி கையில் இருக்கட்டும்.

வரியை லாக்புக்கில் (காரின் பதிவுச் சான்றிதழில்) இருக்கும் 11 இலக்க எண்ணைக் கொண்டு இணையத்தில் கட்டலாம். மாதத்தின் எந்த நாளில் கட்டினாலும் கணக்கு 1ஆம் தேதியிலிருந்தே தொடங்கும். சோர்ன் செய்யும்போது மீதமுள்ள முழு மாதங்களுக்கு மட்டுமே பணம் திரும்பும். ஆகவே 28ஆம் தேதி எடுத்து அடுத்த மாதம் 3ஆம் தேதி சோர்ன் செய்தால், ஒரு வாரத்துக்கு இரண்டு மாத வரி போய்விடும். ஆண்டு வரி 195 பவுண்டு என்றால் மாதத்துக்கு 16.25 பவுண்டு. பயணங்களை ஒரே காலண்டர் மாதத்துக்குள் அடக்கினால் செலவு பாதி. மாதாந்திர டைரக்ட் டெபிட்டில் 5 சதவீதம் கூடுதல்தான், இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்போம். மொத்தமாகக் கட்டிவிட்டு, திரும்பி வரும் காசோலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் டைரக்ட் டெபிட்டை வங்கியில் நீங்களே நிறுத்தாதீர்கள். சோர்ன் செய்தால் டிவிஎல்ஏவே நிறுத்தும். நீங்கள் நிறுத்தினால் கார் வரி கட்டாத காராகிவிடும்.

வரி கட்டும் இணையப் பக்கம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில்லை என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. வரி உள்ள கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது சட்டம். பாலிசி முடிந்தும் சோர்ன் செய்யாமல் விட்டால், காரின் பதிவுப் பொறுப்பாளருக்கு முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும். அடுத்து 100 பவுண்டு அபராதம். வழக்கானால் 1,000 பவுண்டு வரை போகும், சக்கரத்துக்குப் பூட்டும் விழலாம்.

சோர்ன் செய்யும்போது லாக்புக்கின் 11 இலக்க எண்ணையே கொடுங்கள், அது உடனே அமலாகும். வரி நினைவூட்டல் கடிதத்தின் 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த மாதம் 1ஆம் தேதிதான் தொடங்கும், இடைப்பட்ட நாட்களில் கார் இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்கும். லாக்புக்கில் பழைய முகவரி இருந்தால் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். வரிப் பணத்துக்கான காசோலையும் எச்சரிக்கைக் கடிதமும் அந்த முகவரிக்கே போகும்.

குறுகிய கால பாலிசிகளில் நோ கிளெய்ம் போனஸ் பொதுவாகச் சேராது. ஏற்கெனவே சேர்த்ததையும் 2 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. சோர்னில் நிற்கும் காருக்குத் திருட்டிலிருந்தும் தீயிலிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்றால், நிறுத்தி வைத்த வாகனங்களுக்கென்றே தனி பாலிசி உண்டு. காரின் மதிப்பு அதிகமென்றால் அதையும் விசாரியுங்கள்.