கேம்பிங் போகிற குடும்பத்துக்கு ஜியோகேஷிங்: ஒரு நாளைக்கு ஒரு டப்பா போதும்

ஜியோகேஷிங் என்பது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜி.பி.எஸ். துணையோடு தேடும் விளையாட்டு. டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

நாங்கள் இருக்கும் ஓரிகன் மாநிலத்தில்தான் இது தொடங்கியது. ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2-ஆம் தேதி அமெரிக்க அரசு எடுத்துவிட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் போர்ட்லண்டுக்குத் தெற்கே, பீவர்கிரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளியை வைத்து, இடத்தின் கோஆர்டினேட்டை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், கவண், கொஞ்சம் பணம், ஒரு டின் பீன்ஸ். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. பீவர்கிரீக்கில் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை உண்டு.

ஊருக்குள் இதை எண்ணிக்கைக்காக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் நூறு எடுப்பார்கள். கேம்பிங்கில் அந்தக் கணக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. காட்டில் ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுத்தால் அன்றைக்கு எந்தப் பாதையில் நடப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வைத்தவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். கூட்டம் போகாத திருப்பம், பழைய மரப்பாலம், பள்ளத்தாக்கு தெரியும் பாறை இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சில்வர் ஃபால்ஸ் பூங்காவுக்குப் போகிற எல்லோரும் 177 அடி சவுத் ஃபால்ஸுக்குப் பின்னால் நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பத்து அருவிகளைத் தொட்டுப் போகும் 7.2 மைல் பாதை அங்கே பாதி காலியாகக் கிடக்கும். "நடக்கப் போகலாம்" என்றால் நகராத பிள்ளைகள் "தேடப் போகலாம்" என்றால் நகர்வார்கள், அதுவும் ஒரு சௌகரியம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

மவுண்ட் ஹுட் காட்டுக்குள் பத்து மைல் போனாலே போனில் சிக்னல் போய்விடும். ஆகவே முக்கால்வாசி வேலை வீட்டு வைஃபையில்தான். ஜியோகேஷிங் டாட் காம் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்குங்கள். அவர்களுடைய ஆப் பணம் கட்டாதவர்களுக்கு எல்லா டப்பாக்களையும் காட்டாது, பட்டியலை இறக்கிவைக்கவும் விடாது. ஆண்ட்ராய்டு போன் என்றால் சி:ஜியோ என்ற இலவச ஆப் இருக்கிறது, அதில் பட்டியலும் வரைபடமும் சேமித்துக்கொள்ளலாம். ஐபோன்காரர்கள் கோடை விடுமுறைக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா கட்டிக்கொண்டால் போதும். டப்பாவின் விவரம், குறிப்பு, கடைசியாகத் தேடியவர்கள் எழுதியது, வரைபடம் எல்லாம் போனில் இறங்கிவிட்டதா என்பதை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். காட்டிலும் அதே மோடில் வைத்திருக்கலாம்; ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும். முதல் முறை இடத்தைப் பிடிக்க மட்டும் சில நிமிடம் எடுக்கும். அதனால் சிக்னல் இருக்கும்போதே, ரேஞ்சர் ஸ்டேஷன் (வனக் காவலர் அலுவலகம்) வாசலிலேயே ஆப்பைத் திறந்துவிடுவது என் வழக்கம்.

கோஆர்டினேட்டைக் கையால் அடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விளையாட்டில் அதை டிகிரி, தசம நிமிடம் என்று எழுதுவார்கள். உல்மரின் வாளி இருந்த இடம் வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. கூகுள் மேப்ஸில் தசம டிகிரியாகப் போடுவதானால் நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 45.29100, -122.41333. வகுக்காமல் 45.17460 என்று போட்டால் அந்த ஒரு எண்ணிலேயே சுமார் 13 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள்.

அடுத்து எதைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு, இரண்டுமே 1 முதல் 5 வரை. முதலாவது தேடுவது எவ்வளவு கடினம், இரண்டாவது நிலம், அதாவது போய்ச் சேருவது எவ்வளவு கடினம். நிலத்துக்கு 1 என்றால் சக்கர நாற்காலியும் போகும், 5 என்றால் கயிறோ படகோ வேண்டும். சின்னப் பிள்ளைகளோடும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களோடும் போனால் தேடலில் 2, நிலத்தில் 1.5 தாண்டாதீர்கள்.

அளவையும் பாருங்கள். மைக்ரோ என்று போட்டிருந்தால் ஃபிலிம் ரோல் டப்பா, நானோ என்றால் சுண்டுவிரல் நுனி. நகரத்துப் பூங்கா பெஞ்சுக்கு அடியில் அது சரி. பெரணி இடுப்பளவு வளர்ந்த காட்டில் மைக்ரோவை வைப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. அவற்றைவிடப் பெரிய அளவுகளான ஸ்மால், ரெகுலர் மட்டும் எடுங்கள். கடைசி மூன்று பேரும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். மலையில் இருப்பது என்றால், பனி உருகிய பிறகு இந்த வருடம் ஒருவராவது கண்டெடுத்திருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே டப்பா இருக்கும், எங்கே இருக்காது

நேஷனல் பார்க், நேஷனல் ஃபாரஸ்ட் இரண்டையும் நம் ஆட்கள் ஒன்றாக நினைப்பதுண்டு. நிர்வாகமே வேறு. நேஷனல் ஃபாரஸ்டில் டப்பாக்கள் நிறைய இருக்கும். அதற்குள் வில்டர்னஸ் (இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டிய இடம்) என்று அறிவித்த பகுதிகளில் மட்டும் பொதுவாக வைக்க விடமாட்டார்கள். ஸ்டேட் பார்க்கில் பூங்கா நிர்வாகத்தின் அனுமதியோடு வைப்பார்கள். நேஷனல் பார்க்கில் பொதுவாக டப்பாவே கிடையாது. அதற்குப் பதில் அங்கே எர்த்கேஷ் இருக்கும். அமெரிக்க நிலவியல் சங்கம் கைகொடுக்க, 2004-இல் வந்த வகை இது. ஓர் இடத்துக்குப் போய்ப் பாறையையோ மண்ணையோ நீரையோ பார்த்து, கேட்ட கேள்விகளுக்குப் பதிலை அந்த எர்த்கேஷின் இணையப் பக்கத்தை நடத்துபவருக்கு அனுப்ப வேண்டும்.

டப்பா இல்லை என்று பிள்ளைகள் முதலில் சிணுங்குவார்கள். கிரேட்டர் லேக்குக்குக் கூட்டிப் போங்கள். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை வெடித்துத் தனக்குள்ளேயே சரிந்த குழி அது. 592 மீட்டர் ஆழம், அமெரிக்காவிலேயே அதிகம். ஆறு எதுவும் உள்ளே வருவதுமில்லை, வெளியே போவதுமில்லை. மழையும் பனியும் மட்டும். விளிம்பில் நின்று எதிர்ச் சுவரின் பாறை அடுக்குகளை எண்ணு, எந்த அடுக்கு எந்த நிறம், ஏன் என்று கேள்வி வந்தால் பிள்ளைகள் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உண்மையிலேயே பார்ப்பார்கள். கேள்வி கையில் இல்லாவிட்டால் மூன்று செல்ஃபி, கார். ஜூன் வரைக்கும் விளிம்பில் பனி கிடக்கும், ஜூலை கடைசிக்கு மேல் போவது நல்லது.

தேடும் இடத்தில்

தூரம் பத்து மீட்டருக்குக் கீழே வந்ததும் போனைப் பாக்கெட்டில் போடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம், அம்புக்குறியை விடவே மாட்டார்கள். வெட்டவெளியில் போன் ஐந்து மீட்டருக்குள் சரியாகக் காட்டும். டக்ளஸ் ஃபிர் மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் சிக்னல் மரத்திலும் பாறையிலும் பட்டு வருவதால் அம்பு ஒரு நிமிடம் வடக்கே, மறு நிமிடம் தெற்கே. டப்பா வைத்தவரின் கருவிக்கும் இதே தடுமாற்றம் இருந்திருக்கும். ரொம்பவும் ஆடினால் இருபது மீட்டர் பின்னால் வந்து, போனைத் தட்டையாகப் பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் நின்று, அம்பு காட்டும் திசையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நகர்ந்து இன்னோர் இடத்திலிருந்தும் அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே தொடங்குங்கள்.

அப்புறம் கண்தான். காட்டில் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக விழும். ஐந்தாறு குச்சிகள் ஒரே நீளத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் அது மனிதக் கை. சரிந்த மரத்தடியில் மரப்பட்டை ஒன்று கதவு போலச் சாத்தியிருந்தாலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இதில் கெட்டிக்காரர் என் மாமனார். மதுரையிலிருந்து வந்தால் மூன்று மாதம் இருப்பார். முழங்கால் வலி, அதனால் பாதையோரமே நிற்பார். நாங்கள் புதரைக் கிளறிக்கொண்டிருப்போம். அவர் கைத்தடியை நீட்டி, "அந்தக் கல்லு தானா அங்க வந்திருக்காது பாருங்க" என்பார். சுற்றியுள்ள கற்களில் எல்லாம் பாசி, அதில் மட்டும் பாசி கீழ்ப்பக்கம் இருக்கும்.

கிடைத்தது தோட்டாப் பெட்டியாக இருந்தால் அதிர்ஷ்டம். ராணுவத்தில் தோட்டா வைத்த ஆலிவ் பச்சை இரும்புப் பெட்டி அது. பக்கத்துக் கொக்கியை இழுத்தால் டக்கென்று விடும். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் ஒன்று சுற்றி ஓடும், ஓரிகன் மழையிலும் உள்ளே நோட்டு காய்ந்திருப்பது அதனால்தான். மூடும்போது அந்த ரப்பர் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு ஃபிர் மரத்து ஊசியிலை ஒட்டியிருந்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். சில சின்ன டப்பாக்களில் நோட்டு இருக்காது, சுருட்டிய காகிதம் இருக்கும். விரலால் இழுத்தால் கிழியும், புருவம் திருத்தும் டுவீசர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேனாவை விடப் பென்சில் நல்லது. ஈரக் காகிதத்தில் பால்பாயிண்ட் எழுதாது.

பெரிய டப்பாவுக்குள் பொம்மை, நாணயம் மாதிரி சின்னச் சாமான்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களுக்கு இங்கே கிராக்கி. பொட்டுப் பாக்கெட்டும் வைப்போம். மிட்டாய், சாக்லேட், வாசனை சோப்பு எதுவும் கூடாது. கரடியும் எலியும் மோப்பம் பிடித்து டப்பாவையே கடித்துவிடும். எண் பொறித்த உலோகத் தகடு தொங்கும் பொருள் ஏதாவது கிடைத்தால் அது டிராவல் பக். வைத்துக்கொள்வதற்கில்லை. அதன் இணையப் பக்கத்தில் அது எங்கே போக ஆசைப்படுகிறது என்று எழுதியிருப்பார்கள், ஓரிரு வாரத்தில் இன்னொரு டப்பாவில் சேர்த்துவிட வேண்டும்.

யாராவது வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் மழுப்பாதீர்கள். புதரில் தலையை விட்டுக்கொண்டிருக்கும் அந்நியர்களைப் பார்த்தால் சந்தேகம் வருவது இயல்பு. ஜியோகேஷிங் என்று சொன்னால் ரேஞ்சர்களுக்குத் தெரியும், சிலர் குறிப்புகூடக் கொடுப்பார்கள்.

கையை நீட்டும் முன்

பொந்துக்குள்ளோ கட்டைக்கு அடியிலோ முதலில் குச்சி போகட்டும், பிறகு கை. கிழக்கு ஓரிகனில் ராட்டில் பாம்பு உண்டு. மேற்கே அதைவிடத் தொல்லை மஞ்சள் குளவி. ஆகஸ்ட், செப்டம்பரில் மண்ணுக்குள்ளும் உளுத்த கட்டைக்குள்ளும் கூடு பெரிதாகியிருக்கும், டப்பா ஒளிப்பதும் அதே மாதிரி இடத்தில்தான். நெருங்குவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குளவிகள் ஒரே ஓட்டையில் போய் வந்துகொண்டிருந்தால் திரும்பிவிடுங்கள். தாழ்வான இடங்களில் பாய்சன் ஓக் வளரும், மூன்று மூன்றாக இலை விடும் செடி. இலை உதிர்ந்த வெறும் தண்டு பட்டாலும் தோல் கொப்பளிக்கும். பட்டுவிட்டது என்று தோன்றினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடற்கரை டப்பா என்றால் ஓத அட்டவணை பார்க்காமல் இறங்காதீர்கள். எங்கள் கரையில் திடீரென்று ஓர் அலை மட்டும் மற்றவற்றைவிட வெகுதூரம் ஏறி வரும், கடலுக்கு முதுகைக் காட்டித் தேடுவது ஆபத்து.

கேம்பிங்குக்கென்றே அமைந்தது இரவு டப்பா. மரங்களில் சின்னச் சின்ன பிரதிபலிப்பான்கள் குத்தியிருப்பார்கள். பகலில் கண்ணில் படாது. டார்ச் அடித்தால் பூனைக்கண்ணாக மின்னும். ஒன்றிலிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கேம்ப் தளத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் வேறெதையும் தேடாதீர்கள். இரவு உணவைச் சீக்கிரம் முடித்து, ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி, பிள்ளைகள் நடுவில். பக்கத்து வாஷிங்டன் மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு ஸ்னோக்வால்மி ரயில் சுரங்கம் இருக்கிறது. தண்டவாளம் எடுத்துவிட்டு நடைபாதையாக்கிய, இரண்டேகால் மைலுக்கு மேல் நீளும் இருட்டு. ஜூலையிலும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். சுரங்கத்தின் கிழக்கு முனையான ஹையாக்கில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் வழியே போனால் 2001-இல் ஒரு படத்தின் விளம்பரத்துக்காக முதலில் வைத்த, இந்த விளையாட்டுக்காரர்கள் உலகெங்கிலும் இருந்து தேடி வரும் டப்பா இருக்கிறது. குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள்.

கிடைக்காமலும் போகும். அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் பாசியும் நாற்றுகளும் மிதிபடும். வீடு திரும்பியதும் கிடைக்கவில்லை என்பதையும் பதிந்துவிடுங்கள். டப்பா காணாமல் போயிருந்தால் வைத்தவருக்கு அப்படித்தான் தெரியவரும்.

இரண்டு மூன்று கிடைத்தவுடன் தாங்களும் ஒன்று வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். பயணத்தில் வைக்காதீர்கள். நனைந்த நோட்டை மாற்ற முந்நூறு மைல் யார் போவது? புது டப்பாக்களைத் தளத்துக்காகப் பரிசீலிப்பவர்களும் பொதுவாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, இன்னொரு டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி, மண்ணைத் தோண்டாமல், மரத்தில் ஆணி அடிக்காமல் வையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும், நான்கு பக்கமும் பூட்டும் ரப்பர் மூடி டப்பாவே போதும். வெளியே பச்சை டேப் சுற்றி, இது ஜியோகேஷ் என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடுவார்கள்.