பழைய நிக்கான் டி700 கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு டி700 வாங்கினேன். முதல் மூன்று வாரம் எடுத்த படம் எல்லாமே கொஞ்சம் இருட்டாகவே வந்தது. லென்ஸ் சரியில்லையா, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் போய்விட்டதா, சென்சாருக்கு வயதாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளிச்சமேற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை. முந்தைய சொந்தக்காரர் மெனுவின் ஆழத்தில் மாற்றி வைத்துவிட்டுப்போன ஒரே ஒரு செட்டிங்தான். அந்த மூன்று வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது.

அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன், அந்த அடிப்படைக்குள் போகவில்லை. டி300, டி3 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், மூன்றும் 2007, 2008இல் வந்தவை, மெனுவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

பேட்டரியும் கடிகாரமும்

இதற்குரிய பேட்டரி ஈஎன்-ஈஎல்3ஈ. கடைசியில் இருக்கும் அந்த 'ஈ' முக்கியம். அது இல்லாத பழைய ஈஎன்-ஈஎல்3, ஈஎன்-ஈஎல்3ஏ இரண்டும் இந்தக் கேமராவுக்கு ஆகாது. முழுதாகச் சார்ஜ் செய்து போட்டதும் செட்டப் மெனுவில் 'பேட்டரி இன்ஃபோ' பாருங்கள். அதில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 0 என்றால் புதிது, 4 என்றால் ஆயுள் முடிந்தது. எனக்குக் கேமராவோடு வந்த இரண்டில் ஒன்று 4 காட்டியது, அதை அன்றைக்கே ஒதுக்கிவிட்டேன். விலை குறைந்த போலி பேட்டரிகள் பக்கம் போகாதீர்கள் என்பது என் கருத்து. உப்பிப்போய் உள்ளேயே சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

மேல் டிஸ்ப்ளேயில் 'கிளாக்' என்று மினுக்கினால் பயப்பட வேண்டாம். கடிகாரத்துக்கென்று உள்ளே தனியாக ஒரு சிறு ரீசார்ஜபிள் பேட்டரி இருக்கிறது, கேமரா மாதக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்தால் அது வடிந்துபோகும். சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் அப்படியே வைத்தால் தானாகவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அப்புறம் தேதி, நேரம் வையுங்கள். வைக்காமல் விட்டால் படங்கள் எல்லாம் தப்பான தேதியில் பதிவாகி, பிறகு வரிசைப்படுத்த முடியாமல் தவிப்பீர்கள்.

சிஎஃப் கார்டு: இங்கே மட்டும் அவசரம் கூடாது

எஸ்டி கார்டு போட்டே பழகிய கை, காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டையும் அதே வேகத்தில் தள்ளும். கார்டில் 50 ஓட்டைகள், கேமராவுக்குள் 50 மெல்லிய ஊசிகள். கார்டைச் சாய்த்தோ திருப்பியோ வைத்து அழுத்தினால் ஊசி வளைந்துவிடும், ஒன்று வளைந்தாலும் கேமரா கார்டைப் படிக்காமல் போகலாம். கார்டு நேராக, தடத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் லேசாக அழுத்தம் தேவைப்படும். அதற்கு முன்பே இடித்தால் வெளியே எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வாங்குவதற்கு முன்பே ஊசிகளைப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

படங்களைக் கேபிள் வழியாக இறக்குவதைவிடக் கார்டு ரீடர்தான் எனக்குப் பிடிக்கும். அந்த ரீடரிலும் இதே 50 ஊசிகள் உண்டு என்பதால் தடம் ஆழமாக இருக்கிற ரீடராகப் பார்த்து வாங்குங்கள். தடம் மேலோட்டமாக இருக்கும் ரீடரில் கார்டு ஆடும், ஊசிக்கு அதுதான் எமன்.

கார்டை ஃபார்மேட் செய்வதைக் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள். சிவப்பில் ஃபார்மேட் அடையாளம் போட்டிருக்கும் இரண்டு பட்டன்களையும் (மோட் பட்டன், குப்பைத்தொட்டி பட்டன்) சேர்த்து அமுக்கிப் பிடித்து, டிஸ்ப்ளே மினுக்கும்போது மறுபடி ஒருமுறை இரண்டையும் அமுக்கினால் முடிந்தது.

ரீசெட்: நான் தடுக்கி விழுந்த இடம்

இந்த வகைக் கேமராவை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாகப் படம் எடுத்தவர்கள். தங்கள் கைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் மாற்றி வைத்திருப்பார்கள். விற்கும்போது யாரும் அதையெல்லாம் பழையபடி ஆக்கித் தருவதில்லை.

நான் என்ன செய்தேன்? பச்சைப் புள்ளி போட்ட இரண்டு பட்டன்களை (குவால் பட்டனும் பிளஸ்-மைனஸ் பட்டனும்) இரண்டு நொடிக்கு மேல் சேர்த்துப் பிடித்தேன், டிஸ்ப்ளே ஒருமுறை அணைந்து வந்தது, சரி, எல்லாம் ரீசெட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆகவில்லை. அந்த இரண்டு பட்டன் ரீசெட், ஷூட்டிங் சம்பந்தமான சில செட்டிங்குகளை மட்டும்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். கஸ்டம் செட்டிங்ஸ் மெனுவை அது தொடவே தொடாது.

அந்த மெனுவின் 'பி' பிரிவில் ஆறாவதாக 'ஃபைன் டியூன் ஆப்டிமல் எக்ஸ்போஷர்' என்று ஒன்று இருக்கிறது. மீட்டர் சரி என்று சொல்லும் வெளிச்ச அளவையே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதி அது. ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்பில் ஆறில் ஒரு பங்கு, மேலேயும் கீழேயும் ஒரு முழு ஸ்டாப் வரை போகலாம். மேட்ரிக்ஸ், சென்டர்-வெயிட்டட், ஸ்பாட் என்று வெளிச்சத்தை அளக்கும் மூன்று மீட்டரிங் முறைக்கும் தனித்தனியாக வைக்கலாம். என் கேமராவில் மேட்ரிக்ஸுக்கு மட்டும் மைனஸ் 4/6 இருந்தது. வெள்ளை நிறம் வெளிறிப்போகாமல் காப்பாற்ற அவர் அப்படி வைத்திருந்திருக்கலாம். எனக்கு அது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் இதை மாற்றினால் வியூஃபைண்டரில் பிளஸ்-மைனஸ் அடையாளம் வராது, மேல் டிஸ்ப்ளேயிலும் வராது. மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

உங்கள் கேமராவில் இப்படி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு எளிய வழி. சீராக வெளிச்சம் விழும் வெறும் சுவர் ஒன்றை ஃப்ரேம் முழுக்க நிரப்பி, அப்பர்ச்சர் பிரையாரிட்டியில், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பூஜ்யத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) ஒரே ஒரு மேடு வரும், அது ஏறக்குறைய நடுவில் நிற்க வேண்டும். மூன்று மீட்டரிங் முறையிலும் தனித்தனியாக எடுங்கள். எனக்கு மேட்ரிக்ஸில் மேடு இடது பக்கம் ஒதுங்கியும், மற்ற இரண்டிலும் நடுவிலும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் குற்றவாளி லென்ஸ் இல்லை என்று புரிந்தது. லென்ஸ் என்றால் மூன்றிலும் ஒரே மாதிரி தப்பு நடந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்போது ரீசெட் செய்யும் முறை. கஸ்டம் செட்டிங்ஸில் ஏ, பி, சி, டி என்று நான்கு பேங்க் (செட்டிங்குகளைத் தனித்தனியாகச் சேமித்து வைக்கும் தொகுப்பு) இருக்கின்றன. ஷூட்டிங் மெனுவுக்கும் அதே போல் தனியாக நான்கு. ஒரு பேங்க்கை ரீசெட் செய்தால் மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொரு பேங்க்காகத் தேர்ந்தெடுத்து, அந்தந்த மெனுவிலேயே எல்லாவற்றையும் ரீசெட் செய்யுங்கள், எட்டு முறை செய்ய வேண்டும், பத்து நிமிடம்கூட ஆகாது. முடிந்ததும் மெனுவை மேலிருந்து கீழே வரை ஓட்டிப் பாருங்கள். மாற்றப்பட்ட செட்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரமும் இல்லையென்றால் சுத்தம்.

'ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கினால் ஃபோகஸ் ஆகவில்லை, மோட்டார் போய்விட்டது' என்று பலர் கலங்குவதும் இதே கதைதான். கஸ்டம் செட்டிங்ஸின் 'ஏ' பிரிவில் உள்ள ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) ஆக்டிவேஷனை முந்தையவர் 'ஏஎஃப்-ஆன் மட்டும்' என்று மாற்றியிருப்பார். அப்படியிருந்தால் பின்பக்கம் கட்டைவிரலுக்கு வாகாக இருக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனை அமுக்கினால்தான் ஃபோகஸ் ஆகும். ரீசெட் செய்தால் சரியாகிவிடும். ஆனால் ஒரு மாதம் பழகிய பிறகு அந்த முறையை நீங்களே திரும்ப வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஃபோகஸ் ஒரு விரலுக்கு, ஷட்டர் இன்னொரு விரலுக்கு என்று பிரித்துவிட்டால் ஓடுகிற குழந்தையை எடுப்பது அவ்வளவு சுலபமாகிவிடும்.

எத்தனை படம் ஓடியிருக்கிறது?

எடுத்த படத்தை எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 'ஷட்டர் கவுன்ட்' என்று ஒரு வரி வரும். கேமராவிலிருந்து நேராக வந்த ஃபைலாக இருக்க வேண்டும், எடிட் செய்து சேமித்ததில் அந்த வரி காணாமல் போயிருக்கலாம். டி700இன் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருக்கிறார்கள். அந்த எண்ணைத் தாண்டினால் மறுநாளே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, அதற்கு முன் நிற்கவே நிற்காது என்றும் இல்லை. என்னுடையது 87 ஆயிரம் சொச்சம். திருப்தியாக இருக்கிறேன்.

தூசி

அப்பர்ச்சரை எஃப்/16இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, மேகமில்லாத வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான புள்ளிகள் தெரிந்தால் சென்சாரின் மேல் தூசி. முதலில் கேமராவிலேயே உள்ள சென்சார் க்ளீனிங்கை ஓட்டுங்கள். போகவில்லையென்றால், நிறைய சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, செட்டப் மெனுவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதியைத் தேர்ந்து, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். பாதியில் சார்ஜ் தீர்ந்தால் கண்ணாடி கீழே விழுந்து நீங்கள் உள்ளே விட்டிருப்பதில் மோதும். கேனில் வரும் காற்று வேண்டவே வேண்டாம், அதிலிருந்து திரவம் தெறித்துச் சென்சார் மேல் படியும். வாயால் ஊதுவதும் அப்படித்தான், எச்சில் தெறிக்கும்.

லென்ஸ்

இந்தக் கேமராவின் பெரிய சொத்தே இதுதான். ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள்ளேயே இருப்பதால், மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் இதில் தானாக ஃபோகஸ் ஆகும். என் விருப்பம் 50 மிமீ எஃப்/1.8டி, சிறியது, கனமில்லை, ஷார்ப்பாக இருக்கும். மாட்டியதும் டிஸ்ப்ளேயில் 'எஃப்ஈஈ' என்று மினுக்கினால் லென்ஸில் உள்ள அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/22க்குத் திருப்பிப் பூட்டுங்கள், போய்விடும்.

கையால் ஃபோகஸ் செய்யும் ஏஐ லென்ஸ்களுக்கு (1977 முதல் வந்த பழைய நிக்கான் வகை), செட்டப் மெனுவில் நான்-சிபியு (சிப் இல்லாத) லென்ஸ் டேட்டாவில் ஃபோகல் லென்த்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் பதிந்துவிட்டால் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கூட வேலை செய்யும். இப்படி ஒன்பது லென்ஸ் வரை பதிந்து வைக்கலாம்.

கையில் எடுத்து நடக்கும்போது

பேட்டரியும் லென்ஸும் இல்லாமலே 995 கிராம். கழுத்தில் தொங்கவிடாமல் தோளில் குறுக்காகப் போடும் பட்டை வாங்குங்கள். வியூஃபைண்டர் ஃப்ரேமில் 95 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் நீங்கள் பார்க்காத ஏதாவது ஒன்று ஓரத்தில் நுழைந்துவிடும், கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். 12.1 மெகாபிக்சல் போதுமா என்று கேட்கிறார்கள். 4256க்கு 2832 பிக்சல் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் 14க்கு 9 அங்குலப் படம் தாராளமாக வரும். எனக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. ஐஎஸ்ஓ 3200 வரை யோசிக்காமல் ஏற்றுவேன், மங்கலான அறையிலும் அதன் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த இரண்டு பேர், எட்டு பேங்க்கையும் ரீசெட் செய்த பிறகும் படம் இருட்டாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒருவருடைய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். ரீசெட்டுக்குப் பிறகு அவரே ஷூட்டிங் மெனுவில் ஆக்டிவ் டி-லைட்டிங்கை 'ஹை'யில் வைத்திருக்கிறார். அது வெளிச்சமான பகுதியைக் காப்பாற்ற எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்துவிட்டு, நிழல் பகுதியைப் பின்னால் தூக்கிக் காட்டும். ஜேபெக்கில் அது சரியாகவே தெரியும். ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் சேமிப்பது) நிக்கானுடைய மென்பொருள் அல்லாத வேறொன்றில் திறந்தால், தூக்கிக் காட்டும் பாதி நடக்காமல் குறைத்த பாதி மட்டும் மிஞ்சும். ராவில் எடுத்து டார்க்டேபிள் போன்றவற்றில் வேலை செய்பவர்கள் அதை 'ஆஃப்' செய்துவிடுங்கள். நான் டார்க்டேபிள்தான் பயன்படுத்துகிறேன், அதனால் என் கேமராவில் அது எப்போதும் ஆஃப். அது வேண்டும் என்பவர்களுக்கு நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

வேறொருவர் 1977க்கு முந்தைய, ஏஐ ஆக மாற்றப்படாத லென்ஸை மாட்டலாமா என்று கேட்டிருந்தார். மாட்டாதீர்கள். லென்ஸ் பொருந்தும் வளையத்தின் ஓரத்தில் அப்பர்ச்சரைப் படிக்கும் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அந்த லென்ஸின் வளையம் அதை நசுக்கிவிடும். ஏஐ ஆக மாற்றியதா இல்லையா என்று அடையாளம் தெரியவில்லை என்றால், தெரிந்த ஒருவரிடம் காட்டும் வரை அந்த லென்ஸ் பெட்டியிலேயே இருக்கட்டும்.