ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: கடல் தாண்டிப் படை இறக்குவது எப்படி?

கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடியிலிருந்து எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், ஊர் கட்டிப் படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவன், ஒரு மத்தியானம் கத்தினான்: "மாமா, பத்து யானையும் போச்சு!" போய்ப் பார்த்தேன். ஐந்து ஐந்தாக யானைகளை ஆள் ஏற்றிச்செல்லும் இரண்டு டிரான்ஸ்போர்ட் கப்பலில் ஏற்றி, எதிரியின் தீவுக்கு நேர்வழியில் அனுப்பியிருக்கிறான். வழியில் எதிரியின் கோட்டை. கரை தொடுமுன்பே இரண்டு கப்பலும் மூழ்கிவிட்டன.

தரையில் நன்றாக ஆடுகிறவர்களும் தீவு வரைபடத்தில் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். அவனுக்கு அன்று சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கப்பலைப் பற்றி. கப்பல் கட்டும் துறையான டாக் அமைக்க 150 மரம், டிரான்ஸ்போர்ட் கப்பல் ஒன்றுக்கு 125 மரம். அதற்கு ஆயுதம் கிடையாது. மூழ்கினால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் அதோடு சரி, ஒருவர்கூட நீந்திக் கரை சேரமாட்டார்கள். தொடக்கத்தில் 5 பேரை ஏற்றும். ஆட்டத்தின் மூன்றாம் காலகட்டமான கேஸில் ஏஜில் டாக்கில் கரீனிங் என்ற மேம்பாட்டை ஆராய்ந்தால் 10, கடைசிக் காலகட்டமான இம்பீரியல் ஏஜில் டிரை டாக் என்ற மேம்பாட்டை முடித்தால் 20. கப்பலைக் கரையில் சாய்த்து அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்குத்தான் கரீனிங் என்று பெயர். மரக்கலம் வைத்திருக்கும் எந்த ஊரிலும் தெரிந்த வேலை அது. விளையாட்டில் இதற்கு 250 உணவும் 150 தங்கமும் ஆகும். ஒரே பயணத்தில் இரண்டு மடங்கு ஆட்கள் போகலாம் என்பதால் நான் இதைத் தள்ளிப்போடுவதே இல்லை.

எந்த நாட்டை எடுப்பது என்று கேட்டால், விளையாட்டில் 2022-இல் சேர்க்கப்பட்ட திராவிடர்களைச் சொல்வேன். ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் கையில் விழும், அது ஒரு கப்பலுக்குப் போக மிஞ்சும். டாக் ஒவ்வொன்றும் ஒரு வீடு போல ஐந்து பேருக்கு இடம் தரும். காலாட்படை வீரர்களை உருவாக்கும் கட்டடமான பாரக்ஸில் மேம்பாடுகள் பாதி விலை. கடலில் திரிசடை என்ற தனிப் போர்க்கப்பலும் உண்டு. ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பை வைத்தே ஒரு தொடர் ஆட்டம் இருக்கிறது, பழகுவதற்கு அது நல்ல இடம்.

சரி, படையெடுப்புக்கு வருவோம். ஆள் ஏற்றுவதற்கு முன்னால் கடலைக் கைப்பற்றுங்கள். கேலி (galley) என்ற போர்க்கப்பல்கள் ஐந்தாறைச் சேர்த்து எதிரியின் மீன்பிடிப் படகுகளையும் டாக்கையும் அடியுங்கள். டாக் விழுந்தாலும் வில்லேஜர்கள் எனப்படும் வேலையாட்கள் திரும்பக் கட்டுவார்கள், ஆகவே இரண்டு கேலிகளை அங்கேயே காவல் நிறுத்துங்கள். இது முடியாமல் ஒரு ஆளையும் ஏற்ற வேண்டாம்.

அடுத்தது கரை பார்ப்பது. இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஒரே ஒரு கேலியை எடுத்து எதிரியின் தீவைச் சுற்றி வாருங்கள். எங்கே டவர், எங்கே கோட்டை, எங்கே கரை முழுக்க மரம் அடர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரம் அடைத்த கரையில் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள் இறங்க மாட்டார்கள். டவருக்கும் கோட்டைக்கும் அடிப்படை எட்டு கட்டத் தூரம் அம்பு பாயும், மேம்பாடுகள் சேர்ந்தால் இன்னும் கூடும். பன்னிரண்டு கட்டமாவது விலகி, எதிரியின் மரவெட்டிகள் அடிக்கடி வராத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். மணப்பாடு கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்: ஊரை ஒட்டிய மேட்டில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும், கொஞ்சம் விலகிய மணலில் ஒதுங்குகிற படகு தெரியாது.

இப்போது ஏற்றுங்கள். கப்பலைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தி, படையைத் தேர்ந்தெடுத்து, கப்பல் மேல் வலது கிளிக் செய்தால் போதும். மார்க்கோ போலோ நம் பழைய துறைமுகமான காயலைப் பற்றி எழுதும்போது, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே வந்ததாகச் சொல்கிறார். அந்தக் குதிரை ஒவ்வொன்றுக்கும் கப்பலில் தண்ணீரும் தீவனமும் இடமும் வேண்டியிருந்திருக்கும். விளையாட்டில் அந்தக் கணக்கு இல்லை. ஈட்டிக்காரனும் ஒரு இடம், யானையும் ஒரு இடம். அதனால் கப்பலில் இடம் குறைவாக இருக்கும்போது வலுவான ஆட்களையே ஏற்றுங்கள். ஆனால் முதல் கப்பலில் இரண்டு மூன்று வில்லேஜர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

வழி போடும்போது நேராக எதிரியின் கரையைக் கிளிக் செய்யாதீர்கள். கப்பல் குறுக்கு வழியில்தான் போகும், அந்தக் குறுக்கு வழியில்தான் மருமகனின் யானைகள் மூழ்கின. ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரைபடத்தின் ஓரமாக நாலைந்து புள்ளிகள் வைத்து அழைத்துப் போங்கள். கேலிகள் முன்னால் போகட்டும், டிரான்ஸ்போர்ட் சற்றுப் பின்னால் வரட்டும். ஒரே கப்பலில் இருபது பேரை அடைப்பதைவிட இரண்டு கப்பலில் பத்துப் பத்தாகப் பிரிப்பது எனக்குப் பிடிக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று கரை சேரும்.

கரை வந்ததும் அன்லோடு பொத்தானை அழுத்தி, இறங்க வேண்டிய இடத்தைக் கிளிக் செய்யுங்கள். வீரர்கள் முன்னால் வளையமாக நிற்கட்டும், வில்லேஜர்கள் அவர்களுக்குப் பின்னால் உடனே ஒரு பாரக்ஸ் கட்டட்டும். 175 மரம்தான். அது எழுந்துவிட்டால் ஒவ்வொரு வீரனையும் கடல் தாண்டிச் சுமக்க வேண்டியதில்லை, எதிரியின் மண்ணிலேயே பிறப்பார்கள். 650 கல் இருந்தால் கோட்டையே கட்டிவிடுங்கள்.

புதிதாக ஆடுகிறவர்கள் இறங்கியதும் எதிரியின் ஊர் மையக் கட்டடமான டவுன் சென்டரை நோக்கி ஓடுவார்கள். வேண்டாம். முதலில் தங்கம், மரம் வெட்டுகிற வில்லேஜர்களைக் குறிவையுங்கள். எதிரி வேலையை விட்டு உள்ளே ஒளியும் அந்த நேரத்தில் உங்கள் பாரக்ஸ் முடிந்துவிடும்.

காலிக் கப்பலைக் கரையில் விட்டுவிடாதீர்கள். அடுத்த தவணைக்குத் திருப்பி அனுப்புங்கள், ஒன்றை மட்டும் அருகில் ஆழத்தில் ஒதுக்கி வையுங்கள். சண்டை கைமீறினால் வில்லேஜர்களை முதலில் ஏற்றி வெளியேற்றி, தீவின் மறுபக்கத்தில் இறக்கி, அங்கே இன்னொரு பாரக்ஸைத் தொடங்கலாம். மருமகன் அன்று சாயங்காலம் இரண்டாவது ஆட்டத்தில் அதைத்தான் செய்தான்.