உப்புக்காற்றில் பிஎஸ்2: சொந்த டிஸ்க்கை நகலெடுத்து ஓட்டுவது எப்படி

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் சபுராளிகள் (வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்கள்) கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) கேம் மெஷின் பல வீடுகளில் இன்னும் பரண் மேல் கிடக்கிறது. போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். லென்ஸும் டிஸ்க்கும்தான் முதலில் போகும். உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் சோதனைக் கூடம் வைத்தது சும்மா இல்லை. அதனால் இந்தக் கரையில் நகல் எடுப்பதன் நோக்கமே, லேசரை நம்பாமல் கேமை ஓட்டுவதுதான். டிஸ்க் எழுதுவது அங்கே போய்ச் சேர ஒரு படி, அவ்வளவே.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்கிய கணினி நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. நெட்டில் இறக்கியதற்கும், நகலை விற்பதற்கும் அது பொருந்தாது. கீழே வருவது கையில் ஒரிஜினல் டிஸ்க் உள்ளவர்களுக்கு.

பிளக்கைச் சொருகும் முன் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். மாடல் எண் 01 என்று முடிந்தால் அமெரிக்கா, 00 என்றால் ஜப்பான், 03 பிரிட்டன், 04 ஐரோப்பா. அமெரிக்க, ஜப்பான் குண்டு மாடலை (பழைய தடித்த மாடல்; மெல்லியது ஸ்லிம்) நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் பவர் சப்ளை போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 70000 முதல் 79000 வரையிலான ஸ்லிம்முக்கு வெளி அடாப்டர், 8.5 வோல்ட். அடாப்டர் மீது 100–240 என்று இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு, அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் தரும் உள்ளூர் அடாப்டர் போடுங்கள். 90000 வரிசையில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது.

அடுத்து லென்ஸ். ஸ்லிம்மில் மூடியைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரியும். குண்டு மாடலுக்கு மேல் ஓட்டைக் கழற்ற வேண்டும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியின் நுனியை மட்டும் நனைத்து, அழுத்தாமல் இரண்டு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிச் சுருளில் தொங்குகிறது, அழுத்தினால் அதோடு முடிந்தது. லேசர் ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் உப்புத்தூசியோடு சேர்ந்து மெழுகாய் இறுகியிருக்கும். துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு கடுகளவு வைத்தால் போதும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். நாலு நாளில் தூசியைப் பிடித்து முன்னைவிட மோசமாகும். ரிப்பன் கேபிளின் முனை மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம். லேசரின் திருகைத் திருப்பிக் கூட்டிவைக்கும் வித்தை சில கடைகளில் உண்டு. கொஞ்ச நாள் ஓடும், பிறகு லேசரே எரிந்துபோகும்.

சாதாரணமாக எழுதிய டிவிடியை பிஎஸ்2 ஏன் மறுக்கிறது? ஒரிஜினல் டிஸ்க்கின் உள்விளிம்புப் பகுதியில் அச்சிலேயே பதித்த அடையாளம் ஒன்று இருக்கிறது. வீட்டு ரைட்டரால் அந்த இடத்தில் எழுத முடியாது. ஆனால் சினிமா டிவிடிக்கு இந்தச் சோதனை கிடையாது. சோதனையைத் தாண்ட உதவும் ஃப்ரீடிவிடிபூட், ஈஎஸ்ஆர் என்ற மென்பொருள்கள் இரண்டுமே அந்த வாசல் வழியாகத்தான் நுழைகின்றன.

ஸ்லிம் வைத்திருப்பவர்கள் 2020இல் வெளிவந்த ஃப்ரீடிவிடிபூட்டில் தொடங்கலாம். சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எல்லா ஸ்லிம்முக்கும் பொதுவான ஐஎஸ்ஓவை (டிஸ்க்கின் முழு நகல் ஃபைல்) இம்ஜ்பர்ன் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் டிவிடி-ஆரில் எழுதுங்கள். வேகம் 4 எக்ஸ், வெரிஃபை டிக் போட்டு. இம்ஜ்பர்ன் டிஸ்க்கைத் தானே மூடிவிடும். வேறு மென்பொருளில் ஃபைனலைஸ் கொடுக்க மறக்காதீர்கள். டிஸ்க்கைப் போட்டதும் சில நொடி கறுப்புத் திரை, பிறகு ஃபைல்களைத் திறக்கவும் காப்பி செய்யவும் உதவும் யூலாஞ்ச் எல்ஃப் திறக்கும். திறக்காவிட்டால் முதல் சந்தேகம் மொழி, அடுத்தது லென்ஸ். முதல் மெனுவில் முக்கோணப் பட்டனை அழுத்தினால் டிவிடி பிளேயரின் பதிப்பு எண் தெரியும். குண்டு மாடல்காரர்கள் அதைப் பார்த்து அதற்குரிய ஐஎஸ்ஓ இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே ஃப்ரீ எம்சி பூட் (மெமரி கார்டிலிருந்தே இந்த மென்பொருள்களைத் திறக்கும் நிரல்) உள்ள நண்பரின் மெஷினில் தங்கள் மெமரி கார்டை வைத்து ஏற்றிக்கொள்வதே சுலபம்.

அந்த டிஸ்க் ஒருமுறை வேலை செய்தால் போதும், அடுத்த வேலை மெமரி கார்டில். பென் டிரைவை எம்பிஆர், ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து ஃப்ரீ எம்சி பூட் இன்ஸ்டாலரைப் போடுங்கள். யூலாஞ்ச் எல்ஃபில் பென் டிரைவ் ‘மாஸ்’ என்று தெரியும். இதில் ஓகே பட்டன் வட்டம், காப்பி மெனுவுக்கு ஆர்1. பழக்கதோஷத்தில் எக்ஸ் அழுத்தினால் ஃபைலுக்கு அடையாளம்தான் விழும். கார்டு மேஜிக்கேட் (சோனியின் நகல் தடுப்பு முறை) உள்ள ஒரிஜினல் 8 எம்பியாக இருக்க வேண்டும். போலி கார்டுகள் பலவற்றில் மேஜிக்கேட் இல்லாததால் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். ‘நார்மல்’ இன்ஸ்டாலே போதும். ‘மல்டி’ கொடுத்தால் கார்டின் ஃபைல் அமைப்பு குழம்பி, பிறகு சேவ் ஃபைல்களுக்கு ஆபத்து. இது நடக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பே போதும், ஆகவே கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் சொருகிச் செய்யுங்கள்.

90000 வரிசையில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. லேபிளில் உள்ள டேட் கோடு 8டி அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஃப்ரீ எம்சி பூட் ஓடாது, 8சி இரண்டுங்கெட்டான். அவர்களுக்கு, அதே வேலையை மெமரி கார்டிலிருந்து செய்யும் ஓபன்டூனா.

இப்போது நகல். பிஎஸ்2 டிவிடியைக் கம்ப்யூட்டர் டிரைவே படிக்கும். இம்ஜ்பர்னின் ரீட் மோடில் ஐஎஸ்ஓவாக எடுங்கள். அடிப்பக்கம் நீலமாக இருந்தால் அது சிடி கேம். டிஸ்க்காகவே ஓட்ட விரும்பினால் ஐஎஸ்ஓவை ஈஎஸ்ஆர் பேட்சரில் கொடுத்து, பிறகு டிவிடி-ஆரில் எழுதி, மெமரி கார்டிலிருந்து ஈஎஸ்ஆரைத் திறந்து ஓட்டலாம். பேட்ச் செய்யாமல் எழுதினால் தட்டு வீண். நீல சிடி கேமுக்கும் இரட்டை அடுக்கு கேமுக்கும் இந்த வழியில் மல்லுக்கட்டுவது நேர விரயம். எழுதிய தட்டும் இந்தக் காற்றில்தான் கிடக்கப்போகிறது. பெட்டியில் நிறுத்திவைத்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் பொட்டலத்தை மாற்றுங்கள்.

எங்கள் சிபாரிசு, டிஸ்க் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே கேமை ஓட்டும் ஓபன் பிஎஸ்2 லோடர், அதாவது ஓபிஎல். பென் டிரைவில் டிவிடி, சிடி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இரண்டு ஃபோல்டர் போட்டு, ஐஎஸ்ஓவை அதது இடத்தில் வையுங்கள். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் நிற்காது; யூஎஸ்பி-யூட்டில் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் 1 ஜிபி துண்டுகளாக வெட்டித் தரும். புதிய ஓபிஎல் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டையும் படிப்பதால் வெட்டும் வேலை மிச்சம். கேம் ஃபைல் டிரைவில் சிதறாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பாதியை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிதை ஏற்றினால் சிதறும், ஓபிஎல்லும் முறையிடும். டிரைவை மொத்தமாக ஃபார்மேட் செய்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவதே மருந்து.

கேம் ஓடுகிறது, இடையில் வரும் வீடியோ மட்டும் திக்குகிறது என்றால் டிரைவில் குறையில்லை. பிஎஸ்2இன் யூஎஸ்பி 1.1 வேகம்தான், நொடிக்கு ஒரு எம்பி வாக்கில்தான் வரும். எவ்வளவு விலைகொடுத்த பென் டிரைவ் போட்டாலும் இதே கதை. ஓபிஎல்லின் கேம் அமைப்பில் மோடு 4 வீடியோவைத் தாண்டிவிடும். கறுப்புத் திரையில் நின்றால் மோடு 1, அதற்கும் அசையாவிட்டால் 2, 3 என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே சோதியுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எது உதவியது என்று தெரியாது. திக்காமல் வேண்டுமானால் குண்டு மாடலில் நெட்வொர்க் அடாப்டரும் உள் ஹார்ட் டிஸ்க்கும், ஸ்லிம்மில் லேன் வயர் வழியாகக் கம்ப்யூட்டரும். அதற்குக் கம்ப்யூட்டரில் பழைய எஸ்எம்பி 1 என்ற ஃபைல் பகிர்வு முறையைத் திறக்க வேண்டியிருக்கும். வீட்டு நெட்டோடு சேர்க்காமல் நேர் வயரில் இணைப்பது பத்திரம்.

ஹோம்ப்ரூ (ஆர்வலர்கள் தாங்களே எழுதிய மென்பொருள்) எல்லாம் ஈஎல்எஃப் ஃபைல்தான். பென் டிரைவில் போட்டு யூலாஞ்ச் எல்ஃபில் திறந்தால் ஓடும். எஸ்எம்எஸ் என்ற வீடியோ பிளேயர் பழைய டிவ்எக்ஸ் படங்களை ஓட்டும், ரெட்ரோஆர்க் பழைய கன்சோல்களாக மாறும். நன்றாக ஓடுவதைத் தேர்ந்து ஃப்ரீ எம்சி பூட் மெனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

மெமரி கார்டின் சேவ்களை மாதம் ஒருமுறை ஆர்1 மெனுவில் காப்பி எடுத்து பென் டிரைவில் வையுங்கள். மெஷின் சும்மா இருக்கும் நாளில் துணி போட்டு மூடுவதைவிட, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிடுவது மேல். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது.